யிடிஷ் செத்துவிட்டதா என்று கேட்டவருக்கு

நியூயார்க்கில் நடக்கும் ஒரு தொடரைப் பார்த்தீர்களாம். நீண்ட கறுப்புக் கோட்டு அணிந்த யூதர்கள் வீட்டுக்குள் ஜெர்மன்போல ஒலிக்கும் ஒன்றைப் பேசுகிறார்கள், சின்னஞ்சிறு பிள்ளைகளும் அதில்தான் சண்டை போடுகிறார்கள். அது யிடிஷ் என்று தெரிந்ததும் குழம்பிவிட்டீர்கள். யிடிஷ் ஹிட்லரோடு அழிந்துபோன மொழி என்றுதான் நீங்கள் படித்திருக்கிறீர்கள். அது ஹீப்ரு எழுத்தில் எழுதிய ஜெர்மன்தானா, உண்மையிலேயே இன்றும் குழந்தைகள் பேசுகிறார்களா, நம்மைப் போன்ற வெளியார் அதைக் கற்க முடியுமா என்பவை உங்கள் கேள்விகள். ஜெர்மானிய மொழிகளின் வரலாற்றைப் படித்து, பிறகு யிடிஷ் வாசிப்பிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் முதன்மையாக வாசகன். அந்தக் கறுப்புக் கோட்டுக்காரர்களின் வீட்டுப் பேச்சை ஒலிப்பதிவுகள் வழியாகவும் மற்றவர்களின் ஆய்வுகள் வழியாகவும்தான் அறிவேன். அந்தப் பகுதி வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மொழி. யிடிஷின் இலக்கணச் சட்டமும் சொற்களில் பெரும்பகுதியும் இடைக்கால ஜெர்மன் பேச்சு வழக்குகளிலிருந்து வந்தவை. இதில் பெரிய சர்ச்சை இல்லை. எழுத்து ஹீப்ரு, வலமிருந்து இடமாக ஓடும். ஆனால் ஹீப்ரு அரபுக்கு உறவான செமிட்டிய மொழி. யிடிஷ் ஆங்கிலத்துக்கும் டச்சுக்கும் உறவு. வகுப்பில் வழக்கமாகக் காட்டும் ஒரு வாக்கியம் உண்டு: ‘நாக்ன் பென்ச்ன் ஹாட் தெர் ஸெய்தெ கெகோய்ஃப்ட் அ செய்ஃபெர்.’ சாப்பாட்டுக்குப் பின் சொல்லும் பிரார்த்தனை முடிந்ததும் தாத்தா ஒரு புத்தகம் வாங்கினார் என்று பொருள். இதில் ‘வாங்கினார்’ ஜெர்மன். ‘பிரார்த்தனை சொல்லுதல்’ லத்தீன் வழிவந்த பழைய பிரெஞ்சு அல்லது இத்தாலியப் பேச்சிலிருந்து வந்தது. ‘தாத்தா’ ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தவர். ‘புத்தகம்’ ஹீப்ரு. அதிலும் செய்ஃபெர் என்றால் சமய நூல் மட்டும்தான், நாவலோ கணக்குப் புத்தகமோ என்றால் ஜெர்மன் வழிவந்த ‘புக்’. ஐரோப்பாவில் அந்த மக்கள் தங்கிய ஊர்கள் அத்தனையும் ஒரு வாக்கியத்துக்குள் கிடக்கின்றன. பெர்லின்காரர் ஒருவர் யிடிஷ் பேச்சைக் கேட்டால் பாதி புரியும், மீதியைப் புரிந்ததாக நினைத்துக்கொள்வார். தோரா என்ற யூத வேதமும் சந்தையும் கலந்து வரும் பேச்சில் அந்தப் பாதியும் போய்விடும். கொச்சை ஜெர்மன் என்று இதைச் சொல்வது நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட வசவு, மொழியியல் கூற்று அன்று.

நம் கைக்குக் கிடைத்திருக்கும், ஆண்டு தெரிந்த முதல் யிடிஷ் வாக்கியம் 1272-ஐச் சேர்ந்தது. ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ் நகரில் பயன்பட்ட ஒரு பெரிய பிரார்த்தனை ஏடு அது. பாஸ்கா பண்டிகையன்று பனிக்காகச் சொல்லும் பிரார்த்தனையில் ஒரு ஹீப்ருச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் வரைந்திருக்கிறார்கள். அந்த எழுத்துகளின் வெற்றிடங்களுக்குள் யாரோ பொடி எழுத்தில் எதுகையோடு இரண்டு வரி நுழைத்திருக்கிறார்: இந்த ஏட்டைத் தொழுகைக் கூடத்துக்குச் சுமந்து செல்பவருக்கு நல்ல நாள் விடியட்டும். ஏடு அத்தனை கனம். உரியவர் வீட்டிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும், அவருக்கு இந்த வாழ்த்து. அந்த இரண்டு வரியிலேயே ‘ஏடு’, ‘தொழுகைக் கூடம்’ என்ற இரண்டும் ஹீப்ரு, மற்றவை ஜெர்மன். யிடிஷின் அடிப்படைச் சூத்திரம் அப்போதே தயார். 1938 நவம்பரில் வோர்ம்ஸ் தொழுகைக் கூடத்தைக் கொளுத்தியபோது ஏடு எரியவில்லை. நகர ஆவணக் காப்பாளர் அதை எடுத்து ஒளித்து வைத்தார். 1957-இல் ஜெருசலேம் போய்ச் சேர்ந்து இன்று இஸ்ரேல் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

இதற்கு முன் என்ன நடந்தது என்பதில்தான் அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். மாக்ஸ் வைன்ரைக் என்ற பேரறிஞரின் கருத்துப்படி, பிரான்ஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த யூதர்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரைன்லாந்தில் குடியேறி, அங்கே இம்மொழியை உருவாக்கிக் கிழக்கே கொண்டுபோனார்கள். மற்றொரு அணி, கிழக்கு ஐரோப்பாவில் பேசிய கிழக்கு யிடிஷின் ஒலிகளும் சொற்களும் ரைன்லாந்தைவிட தென்கிழக்கு ஜெர்மனியின் பவேரியாவையும் டான்யூப் கரையையும்தான் ஒத்திருக்கின்றன, ஆகவே ரெகன்ஸ்பர்க் பக்கம் தேடுங்கள் என்கிறது. இவர்கள் கையிலும் வலுவான துருப்பு இருக்கிறது. போலந்து யிடிஷில் ‘நீங்கள்’ என்பதற்கு வழங்கிய ‘எட்ஸ்’ அப்படியே பவேரியச் சொல். யிடிஷ் அடியில் ஒரு ஸ்லாவிய மொழி, மேலே ஜெர்மன் சொற்களைப் பூசிக்கொண்டது என்று மூன்றாவது கருத்தொன்றும் உண்டு. 2016-இல் மரபணு ஆய்வொன்று அதைத் துருக்கியின் வடகிழக்குவரை இழுத்துக்கொண்டு போனதால் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. யிடிஷ் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கும் அது நம்பும்படி இல்லை, மரபணுவுக்கு இலக்கணம் தெரியாது. முதல் இரண்டில் எது என்று கேட்டால் பவேரியப் பக்கம் சாய்வேன், ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

அடுத்த சில நூற்றாண்டுகளை வேகமாகக் கடக்கலாம். யூதர்கள் போலந்து, லிதுவேனியா, உக்ரைன் பக்கம் பெருந்திரளாகப் போனார்கள், மொழி ஸ்லாவியச் சாயலை ஏற்றது. அச்சு வந்தபின் வீரகதைகளும் பெண்களுக்கான வேதக்கதைத் தொகுப்புகளும் விற்றுத் தீர்ந்தன. ஆண்கள் படிப்பது ஹீப்ருவிலும் பழைய சமய நூல்களின் மற்றொரு மொழியான அரமேயத்திலும், பெண்களும் படிக்காத ஆண்களும் வாசிப்பது யிடிஷில் என்ற ஏற்பாடு நிலைத்தது. ஹாமெல்ன் ஊர் கிளிக்கெல் என்ற வணிகப் பெண்மணி கணவரை இழந்தபின், தூக்கம் வராத இரவுகளை ஓட்ட 1691-இல் எழுதத் தொடங்கிய தன்வரலாறு, எந்த மொழியிலானாலும் எனக்குப் பிடித்த புத்தகங்களில் ஒன்று. கடன், கப்பல் சரக்கு, பெண்களுக்கு வரன் தேடுவது என்று பேரேட்டை வைத்துக்கொண்டு பேசுகிற குரல் அது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் படித்த யூதர்கள் யிடிஷை வெட்கப்பட வேண்டிய ‘ஜார்கன்’, அதாவது கலப்படக் கொச்சை, என்று ஒதுக்கி ஜெர்மனுக்கு மாறினார்கள். மேற்கு யிடிஷ் அப்படித்தான் தேய்ந்தது. வெளியிலிருந்து யாரும் அதைக் கொல்லவில்லை.

கிழக்கில் கதையே வேறு. ஹீப்ருவில் எழுதிப் பெயரெடுத்த அப்ராமோவிட்ஸ் என்ற எழுத்தாளர், தம் மக்களில் யார் இதைப் படிக்கிறார்கள் என்று தம்மையே கேட்டுக்கொண்டு 1864-இல் யிடிஷுக்கு வந்தார். மெந்தெலே என்ற புத்தக வியாபாரியின் பெயரில் எழுதினார். அவரைத் தொடர்ந்து ஷோலெம் அலெய்ஹெமும் பெரெட்ஸும் வந்தார்கள். அரை நூற்றாண்டுக்குள் ஓர் ஐரோப்பிய இலக்கியம் எழுந்து நின்றது. 1881-க்குப் பின் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கிளம்பி அமெரிக்கா போன சுமார் 20 லட்சம் யூதர்கள் மொழியையும் கப்பலேற்றினார்கள். 1897-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபோர்வெர்ட்ஸ் நாளிதழ் 1920களில் இரண்டரை லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. கணவன் ஓடிப்போனான், மகள் மதம் விட்டு மணக்கிறாள், முதலாளி கூலி தரவில்லை என்று வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு ஆசிரியர் சொன்ன பதில்களைப் படிக்கவே ஒரு கூட்டம் இருந்தது. 1908-இல், இன்று உக்ரைனில் இருக்கும் செர்னோவிட்ஸ் நகரில் மொழிக்காக ஒரு மாநாடு கூட்டினார்கள். யிடிஷ் யூதர்களின் தேசிய மொழியா, தேசிய மொழிகளில் ஒன்றா என்பதிலேயே நேரம் போயிற்று. ‘ஒன்று’ என்று சமரசம் செய்து கலைந்தார்கள். 1925-இல், இன்று லிதுவேனியாவில் இருக்கும் வில்னாவை மையமாகக் கொண்டு யிவோ என்ற ஆய்வு நிறுவனம் எழுந்தது. அகராதி, எழுத்துக் கூட்டு விதிகள், நாட்டார் வழக்காறு, பொருளியல் என்று ஒரு மொழிக்கு அரசு செய்ய வேண்டிய வேலையை அரசில்லாமல் செய்தார்கள். மொழி என்பது தரைப்படையும் கடற்படையும் உள்ள கிளைமொழி என்று எங்கும் மேற்கோள் காட்டுகிறார்களே, அதை வைன்ரைக் 1945-இல் யிவோவின் இதழில் யிடிஷில்தான் எழுதினார். அவர் சொன்னதாகவே வழங்கினாலும், தம் உரையைக் கேட்க வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் தம்மிடம் சொன்னது என்றே அவர் பதிவு செய்திருக்கிறார்.

போருக்கு முன் யிடிஷ் பேசியவர்கள் 1.1 கோடி முதல் 1.3 கோடி வரை. நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் யிடிஷ் பேசியவர்கள். ஆட்களோடு பள்ளிகள், அச்சகங்கள், நாடக அரங்குகள், அடுத்த தலைமுறை எல்லாம் போயின. வில்னாவில் நடந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நாஜிகள் யிவோ கட்டிடத்தையே கிடங்காக்கி, கொள்ளையடித்த யூத நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் அங்கே குவித்தார்கள். ஒரு பகுதியை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தைக் காகித ஆலைக்குக் கூழாக்கத் தள்ளுவது திட்டம். பிரிக்கும் வேலைக்கு, யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவிலிருந்து யூத அறிஞர்களையே பிடித்து வந்தார்கள். சுட்ஸ்கேவர், காச்செர்கின்ஸ்கி என்ற இரண்டு கவிஞர்களும் அதில் இருந்தார்கள். மாலையில் கெட்டோவுக்குத் திரும்பும்போது இவர்கள் சட்டைக்குள்ளும் இடுப்பிலும் தாள்களைச் சுற்றிக்கொண்டு காவலைக் கடந்தார்கள். பிடிபட்டால் சாவு. வாயிலில் இருந்தவர்கள் இவர்களைக் கேலியாகக் ‘காகிதப் படை’ என்றார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மற்றவர்கள் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் கடத்திய வாயில் அது. உயிர் பிழைத்த இரு கவிஞர்களும் போருக்குப் பின் திரும்பிவந்து புதைத்ததைத் தோண்டினார்கள். அவர்கள் தொடங்கிய அருங்காட்சியகத்தை சோவியத் அரசு மூடியதும், யூதரல்லாத லிதுவேனிய நூலகர் ஒருவர் அந்தத் தாள்களை ஒரு தேவாலயத்துக்குள் ஒளித்துப் பல பத்தாண்டுகள் காப்பாற்றினார். ஜெர்மனிக்குப் போன பகுதி 1947-இல் நியூயார்க் யிவோவுக்குச் சென்றது.

ஆனால் ஹிட்லர் மட்டும்தான் காரணம் என்று நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். சோவியத் ஆட்சி தொடக்கத்தில் யிடிஷுக்குப் பள்ளியும் பதிப்பகமும் கொடுத்தது. பெலாரஸில் அது நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருந்தது. கூடவே ஹீப்ருவழிச் சொற்களின் மரபான எழுத்துக் கூட்டை ஒழித்து ஒலிப்படி எழுதச் செய்தது. ‘உண்மை’ என்று பொருள்படும் ஹீப்ருச் சொல்லைப் பெயராக வைத்த மாஸ்கோ கட்சி நாளிதழின் முகப்பில் அந்தச் சொல்லே அதன் வேதகால உருவை இழந்து நின்றது. பிறகு ஸ்டாலின் எழுத்தாளர்கள்மீதே கை வைத்தார். 1952 ஆகஸ்ட் 12 அன்று மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்ட 13 பேரில் மார்கிஷ், பெர்கெல்சன், க்விட்கோ, ஹோஃப்ஷ்டெய்ன், ஃபெஃபெர் ஆகியோரும் இருந்தார்கள். இஸ்ரேலில் கொலை இல்லை, இளக்காரம் இருந்தது. ஹீப்ருவை உயிர்ப்பித்தவர்களில் பலருக்கு யிடிஷ்தான் தாய்மொழி. அதுவே அவர்களுக்கு அடிமைக் காலத்தின் வாடையாக இருந்தது. புதிய அரசு தொடக்க ஆண்டுகளில் உள்ளூர் யிடிஷ் நாடகங்களுக்கும் நாளிதழுக்கும் தடைகள் போட்டது. ஆனால் அதே நாட்டில், 1949 முதல் 1995 வரை சுட்ஸ்கேவர் நடத்திய இலக்கிய இதழ் உலகத் தரத்தில் வெளிவந்தது. அமெரிக்காவில் யாரும் எதையும் தடுக்கவில்லை. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள், அவ்வளவுதான். தாத்தாவும் பாட்டியும் பேரன் காதில் விழக்கூடாத சங்கதிகளைப் பேசும் மொழியாக யிடிஷ் சுருங்கியது. யிடிஷ் எழுத்தாளர் ஐசக் பஷேவிஸ் சிங்கர் 1978-இல் நோபல் பரிசு வாங்கியபோது, அவருடைய வாசகர்களில் பெரும்பாலோர் அவரை ஆங்கிலத்தில்தான் படித்திருந்தார்கள்.

இனி நீங்கள் தொடரில் கண்டவர்கள். ஆம், உண்மைதான். புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க், பரோ பார்க், நியூயார்க்குக்கு வடக்கே கிரியாஸ் ஜோயெல், லண்டனின் ஸ்டாம்ஃபர்டு ஹில், ஆன்ட்வெர்ப், மான்ட்ரியல், ஜெருசலேமின் மெயா ஷெயாரிம் ஆகிய இடங்களில் ஹசிதியம் என்ற கட்டுப்பாடு மிகுந்த யூத பக்தி இயக்கத்தின் குழந்தைகள் பலர் யிடிஷைத்தான் முதல் மொழியாகப் பேசுகிறார்கள். இவர்களில் பெரிய பிரிவான சட்மாரின் வேர் அன்றைய ஹங்கேரியில் இருக்கிறது. 1839-இல் மறைந்த பிரெஸ்பர்க் (இன்றைய பிராட்டிஸ்லாவா) ரபி, அதாவது யூத சமய குரு, மோசஸ் சோஃபர், யூதர் தம் பெயரையும் மொழியையும் உடையையும் மாற்றக்கூடாது என்று உயிலாகவே எழுதி வைத்தார். ஹங்கேரியின் வைதிகர்கள் யிடிஷை அன்றே ஒரு வேலியாக்கிக்கொண்டார்கள். போருக்குப் பின் நியூயார்க் வந்த சட்மார் ரபி ஜோயெல் டைட்டல்பாம், யூதர்களுக்குத் தனி நாடு கோரிய சியோனியத்தின் கடும் எதிரி. புனித மொழியான ஹீப்ருவைக் கடைத்தெருப் பேச்சாக்குவதே பாவம் என்றவர். வெளியே ஆங்கிலம் ஆகாது, நவீன ஹீப்ருவும் ஆகாது என்றால் வீட்டுக்கு எது மிஞ்சும்? அவர் பெயரில் எழுந்த கிரியாஸ் ஜோயெலின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் சுமார் 33,000. பெரும்பாலான வீடுகளின் மொழி யிடிஷ். அமெரிக்காவிலேயே மிக இளைய ஊர்களில் ஒன்று அது. 2019-இல் வில்லியம்ஸ்பர்க்கில் தட்டம்மை பரவியபோது நியூயார்க் சுகாதாரத் துறை யிடிஷில் துண்டறிக்கை அச்சிட வேண்டியிருந்தது. செத்த மொழியில் யாரும் தடுப்பூசிக்கு அழைக்க மாட்டார்கள்.

வேலி மட்டும் போதாது, மொழிக்குத் தினசரி வேலை வேண்டும். அதைத் தருவது பாடசாலை. சிறுவன் தோராவைத் தொடங்கும்போது ஹீப்ருச் சொல்லையும் அதன் யிடிஷ் பொருளையும் மாற்றி மாற்றி ராகமாகச் சொல்கிறான்: ‘வயோய்மெர் — உன் எர் ஹாட் கெசாக்ட்’, அதாவது ‘மேலும் அவர் சொன்னார்’. வளர்ந்தபின் யூதச் சட்ட விவாத நூலான தால்முத் வாதங்கள் முழுவதும் இதே மொழியில். பெண்பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு கிடையாது. அதனாலேயே சில குடியிருப்புகளில் அவர்கள் தமக்குள் ஆங்கிலத்துக்கு நழுவுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நான் முதலில் சொன்ன எச்சரிக்கை இங்கேதான் பொருந்தும், நான் நேரில் பார்த்துச் சொல்லவில்லை.

இந்த யிடிஷும் சிங்கரின் யிடிஷும் ஒன்றுதானா? அடி ஒன்று, நடை வேறு. புத்தக யிடிஷில் மூன்று பால்களும் வேற்றுமைக்கேற்ப மாறும் சுட்டிடைச் சொற்களும் (ஆங்கில ‘தி’ போன்றவை) உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வுக்குழு ஹசிதியர்களைப் பேசவைத்துக் கேட்டபோது, இளையவர்களின் பேச்சில் பால் வேறுபாடும் வேற்றுமையும் பெயர்ச்சொற்களுக்கு முன் காணாமலே போயிருந்தன. பழைய பள்ளி ஆசிரியர்கள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் கவலையில்லை, ஆங்கிலமும் ஒரு காலத்தில் இதே வழியில்தான் போனது. உறுத்துவது வேறொன்று. மொழிக்காக மாநாடு கூட்டி, அகராதி எழுதி, கவிதைக்காக உயிர்விட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு யிடிஷ் தெரியாது. மொழிக்காக ஒரு மாநாடும் கூட்டாதவர்களின் பேரப்பிள்ளைகள் அதில் கனவு காண்கிறார்கள். ஆனால் பெரெட்ஸும் சுட்ஸ்கேவரும் அவர்களுக்கு மதமற்றவர்களின் எழுத்து, வீட்டில் வைக்கத் தகாதது. அவர்களுக்கென்று தனி வார இதழ்களும் துப்பறியும் கதைகளும் சிறுவர் நூல்களும் இருக்கின்றன, அவற்றை வெளியே இருக்கும் யிடிஷ் பற்றாளர்கள் வாசிப்பதில்லை. இலக்கியம் ஓரிடத்தில், குழந்தைகள் வேறிடத்தில் என்று பிரிந்து கிடக்கும் மொழியை உயிரோடு இருக்கிறதா என்று ஒரே கேள்வியால் அளக்க முடியாது.

எண்ணிக்கையை அதிகம் நம்பாதீர்கள். உலகில் இன்று யிடிஷ் பேசுவோர் ஐந்தாறு லட்சம் என்பார்கள், பத்து லட்சத்துக்கு மேல் என்பவர்களும் உண்டு. அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் வீட்டில் யிடிஷ் பேசுவதாகச் சொன்னவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் என்பது மட்டும் உறுதி. யுனெஸ்கோ இதை அழிவாபத்தில் உள்ள மொழி என்று பட்டியலிட்டிருக்கிறது. போலந்திலும் உக்ரைனிலும் அது சரி, புரூக்ளினில் பள்ளி விடும் நேரத்தில் போய் நின்றால் அப்படித் தோன்றாது. ஸ்வீடன் 2000-இல் யிடிஷைத் தன் ஐந்து தேசியச் சிறுபான்மை மொழிகளில் ஒன்றாக்கியது, ஆனால் அங்கே பேசுபவர்கள் மிகக் குறைவு.

கற்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. ஜெர்மன் தெரிந்தால் விரைவில் வாசிக்கத் தொடங்கலாம், தெரியாவிட்டாலும் முடியும். எழுத்துக்கு அஞ்ச வேண்டாம். ஹீப்ருவில் உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை, யிடிஷ் எழுதிவிடும், ஆகவே ஹீப்ருவைவிட இது எளிது. ஹீப்ருவழிச் சொற்கள்தான் பழைய எழுத்துக் கூட்டிலேயே நிற்கும், அவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை. மாசசூசெட்ஸின் ஆம்ஹெர்ஸ்டில் உள்ள யிடிஷ் புத்தக மையம், முதியவர்களின் நிலவறைகளிலிருந்தும் குப்பைத் தொட்டிகளிலிருந்தும் 1980 முதல் திரட்டிய நூல்களில் ஆயிரக்கணக்கானவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தொடங்கியபோது மொத்தமே 70,000 நூல்கள்தான் மிஞ்சியிருக்கும் என்று வல்லுநர்கள் கணித்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஃபோர்வெர்ட்ஸ் 2019-இல் அச்சை நிறுத்தினாலும் யிடிஷ் இணையப் பக்கத்தைத் தொடர்கிறது, அன்றாட வாசிப்புக்கு அதுவே போதும். டுவோலிங்கோவில் 2021 முதல் பாடம் உண்டு. ஆனால் அதில் எழுத்துக் கூட்டு யிவோ முறை, உச்சரிப்பு ஹசிதியர்களுடையது, ஆகவே எழுதியிருப்பது ஒன்றாகவும் கேட்பது ஒன்றாகவும் தோன்றிக் குழம்புவீர்கள். சுட்ஸ்கேவரைப் படிப்பதுதான் ஆசை என்றால் யிவோ முறையிலேயே தொடங்குங்கள். வில்லியம்ஸ்பர்க் அடுமனையில் நின்று பேசுவது ஆசை என்றால் அங்கத்திய உச்சரிப்பைப் பழகுங்கள். ‘புக்’ அங்கே ‘பிக்’ ஆகிவிடும்.